என் சட்டை போட்ட பொம்மை

டிசம்பர் முப்பது. மழை விட்ட மாலை.
எதிர்வீட்டு எடெல்மிரா கதவைத் தட்டி
தயங்கித் தயங்கிக் கேட்டாள்:
"பழைய யூனிபார்ம் சட்டை ஏதாவது இருக்குமா?"

குவென்காவில்
வருடத்தை எரித்துவிட்டுத்தான் தூங்குவோம்.
மரத்தூளும் பழைய பேப்பரும் திணித்து ஓர் ஆள் செய்து
முகமூடி மாட்டி நாற்காலியில் உட்காரவைத்து
தெருவே கூடித் திட்டித் தீர்த்து
நள்ளிரவில் தீ வைப்போம்.
போன வருடம் மேயர். அதற்கு முன் ஒரு கோல்கீப்பர்.
இந்த வருடம் மின்சாரக் கம்பெனி என்று
தெருக் கூட்டத்தில் ஒருமனதாக முடிவாம்.
அந்தக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான் மீட்டர் கணக்கெடுப்பவன்.
பதினாறு வருடம், எண்ணூற்றுச் சொச்சம் வாசல்கள்.
எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும்,
பையன் வெளிநாடு போனபின்
எந்த வீட்டில் விடியும்வரை விளக்கு எரிகிறது,
எல்லாம் தெரியும், எண்களாக.
அணையில் தண்ணீர் வற்றினால் நான் என்ன செய்ய?
அக்டோபரில் நாளுக்கு எட்டு மணி நேரம் இருட்டு.
ஐஸ்கிரீம் கடை க்ளேவர்
உருகிப்போன கொய்யா டப்பாவை என் கையில் திணித்து
"நீயே குடி" என்றான்.
குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சட்டையைக் கொடுத்தேன்.
கொடுத்ததோடு விடாமல்
பேப்பர் திணிக்கவும் போய் உட்கார்ந்தேன்.

கசக்குமுன் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம்.
"ஒரு வாரத்தில் சரியாகும்" என்றார் அமைச்சர்:
வயிற்றுக்குள் போனார்.
மூன்று வாரம் கழித்து அதே படம், அதே வாக்கியம்:
இடது முழங்காலுக்கு.
முட்டை விலை. ஒரு நடிகையின் மூன்றாவது கல்யாணம்.
சந்தையில் தொலைந்த கிளிக்கு இருபது டாலர் பரிசு.
பிறகு, பெயரைச் சரியாக உச்சரிக்க வராத ஏதோ ஊர்,
சமையல் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
ஓடுகிறாள் ஒருத்தி.
அதை மட்டும் கசக்க வரவில்லை.
நாலாக மடித்து என் கோட்டுப் பைக்குள் வைத்தேன்,
யாரும் பார்க்காதபோது.

முப்பத்தொன்று இரவு.
என்னோடு வேலை செய்யும் வாஷிங்டன்
கறுப்பு கவுனும் பெண்டாட்டியின் குதிகால் செருப்பும் மாட்டி
தெருக்குறுக்கே கயிறு கட்டிக் கார்களை மறித்து
"என்னை விட்டுட்டுப் போறாரே, பாவி மனுஷன்!"
என்று நெஞ்சிலடித்து ஒப்பாரி வைத்தான்.
எழுபத்து மூன்று டாலர் சேர்ந்தது.
பட்டை போட்ட சூடான சாராயம் எல்லாருக்கும்.

க்ளேவர் பொம்மையின் உயிலை வாசித்தான்:
"என் மெழுகுவத்தித் துண்டு அமைச்சருக்கு.
என் டார்ச் மேயருக்கு, பேட்டரி இல்லாமல்.
எதிர்வீட்டுக்காரருக்குச் சட்டையைத்
திருப்பித் தர முடியாது, மன்னிக்கவும்."
எல்லாரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

முதலில் பிடித்தது கைப்பகுதி.
பிறகு நெஞ்சில் தைத்த எண், நானூற்றுப் பதினேழு,
கருகிச் சுருண்டு ஏழு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.
யாரோ "எரியட்டும், எரியட்டும்" என்று கத்துகிறார்கள்.
தொண்டை வலித்தபோதுதான் தெரிந்தது அது நான் என்று.

பன்னிரண்டு திராட்சைக்குப் பன்னிரண்டு வேண்டுதல்.
எட்டாவதில் எனக்கு ஆசை தீர்ந்துவிட்டது,
மிச்சத்தைச் சும்மா தின்றேன்.
எடெல்மிரா காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு
தெருவைச் சுற்றி ஓடினாள்,
இந்த வருடமாவது பயணம் வாய்க்கட்டும் என்று.
பாஸ்போர்ட்கூட இல்லை அவளிடம்.

ஒன்றாம் தேதி பேப்பர் வராது.
உலகத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு காலை.
சாம்பலைக் கூட்டினோம். ஒரு பித்தான் கிடைத்தது.
"உங்களைச் சொல்லலை, கம்பெனியைத்தான்" என்றாள் எடெல்மிரா,
பயறு நிறைந்த கிண்ணத்தை நீட்டி.
"கம்பெனிக்கு என் அளவுதான் சரியாக இருந்தது" என்றேன்.

இரண்டாம் தேதி.
புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்கிறது.
முதல் வாசல், குரைக்காத நாய்.
பென்சிலுக்காகக் கோட்டுப் பையைத் துழாவினால்
மடித்த தாள் தட்டுப்படுகிறது.
அதை அங்கேயே விட்டுவிட்டு
மீட்டர் எண்ணைக் குறிக்கிறேன்.
தேதியில் போன வருடத்தையே எழுதி,
அடித்து, மேலே திருத்தி,
அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.