கேஸ்

விக்டோரியா ஆஸ்பத்திரி வாசலில்
முனிரத்தினத்தை இறக்கியதும்
வார்டு பையன் கேட்டான்: என்ன கேஸ்?
விழுந்த கேஸ்.
அப்ப போலீஸ் கேஸ், முதல்ல அங்க போய்ச் சீட்டு வாங்கு.
மூன்றாம் நாள் காலையில் அவனே வந்து
கேஸ் முடிஞ்சிடுச்சும்மா,
இங்க ஒரு கையெழுத்து என்றான்.

சின்னபாப்பா என்னிடம் வந்து சேர்ந்தது
பதினான்கு மாதம் கழித்து, மேயோ ஹாலில்.
அவள் தமிழைக் கன்னடமாக்க
எனக்கு வாய்தாவுக்கு நானூறு ரூபாய்.
மடியில் ஒரு சூட்கேஸ்,
பூட்டு போய் சேலைக் கிழிசலால் கட்டியது.
"கேஸு எப்பங்க முடியும்?"

மதியம் வக்கீல் அறையில்
அட்டை இல்லாத அகராதி ஒன்றைப் புரட்டினேன்.
லத்தீனில் அந்தச் சொல்லுக்கு
விழுதல் என்றே அர்த்தமாம்.
பகடை விழுவதும் அதுதான்,
நேர்வது எல்லாமே அவர்களுக்கு
மேலிருந்து விழுவது.
பெயர்ச்சொல் நேராக நிற்காமல் சாய்ந்தால் அதுவும் கேஸ்;
நாம் வேற்றுமை என்று எட்டாகப் பிரித்து
ஆறாம் வகுப்பில் அடி வாங்கியது.
பெட்டி மட்டும் வேறு வேராம்:
பிடித்துக்கொள்வது.

இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்ல?
டீ வாங்கிக் கொடுத்தேன்.

கூண்டில் ஏற்றினார்கள்.
சாரத்திலிருந்து விழுந்தாரா, போதையில் விழுந்தாரா?
கம்பெனி வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.
"சாரத்தாலதாங்க விழுந்தாரு.
கயிறு இத்துப்போச்சுன்னு
மேஸ்திரிகிட்ட ரெண்டு நாளாச் சொன்னாரு."

இலிருந்துக்கும் ஆலுக்கும்
கன்னடத்தில் ஒரே வால்: இந்த.
சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான்
அந்த வாலுக்குள் மேஸ்திரி நழுவிப்போவதைப் பார்த்தேன்.
ஐயா, சாரம் இங்கே இடம் இல்லை, காரணம்
என்று ஒரு வரி சேர்த்தேன்.
உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லையே என்றார் நீதிபதி.
விரலை மட்டும் லேசாக அசைத்தார்.
டைப்பிஸ்ட் ஆரோக்கியமேரி அதை அடித்தாள்.
தட்டி அடித்தாளா, வெட்டி அடித்தாளா,
நகல் வந்தால்தான் தெரியும்.

அடுத்த வாய்தா ஜூலை ஒன்பது.

படியிறங்கும்போது கிழிசல் அவிழ்ந்தது.
சுருட்டிய எக்ஸ்ரே, ஒரு ஹெல்மெட்,
நீலச் சட்டை ஒன்று, துவைத்து மடித்தது;
எல்லாம் சரிவதற்குள் முழங்காலால் முட்டுக்கொடுத்து
அப்படியே நின்றாள்.
என் பையில் கோப்பு கட்டும் சிவப்பு நாடா இருந்தது.
இரண்டு சுற்று சுற்றினேன்.
"இன்னும் ஒரு முடிச்சு போடுங்க," என்றாள்,
"பாலக்கோடு வரைக்கும் தாங்கணும்."