வெள்வயிறு

எல்வுட் ஸ்ட்ரிக்லண்டின் லாரி
எடைமேடையில் ஏறி நின்றும் என்ஜின் அணையவில்லை.
உள்ளே நாய்க்கு ஏசி வேண்டும்.

நீளக் குழாயை நெல்லுக்குள் இறக்கி
ஏழு இடத்தில் மாதிரி எடுத்தேன்.
ஆர்கன்சாவில் செப்டம்பர் முதல் வாரம்,
காலை ஒன்பதுக்கே தகரக் கூரை முனகுகிறது.
ஈரம் பதினெட்டு. பரவாயில்லை, உலர்ந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து வந்தார்.
உமி போய், தவிடு போய்,
சல்லடை ஆடி ஓய்ந்திருந்தது:
மேலே முழு அரிசி, கீழே நொய்.
நூறு பங்கு நெல்லில்
முழுசாய் நின்றது நாற்பத்தெட்டு.
போன வருஷம் இதே வயல், இதே விதை,
அறுபத்தொன்று.

கறுப்புத் தட்டில் பரப்பி விளக்கைப் போட்டேன்.
கண்ணாடியாய் இருக்கவேண்டிய மணிகளின் வயிற்றில்
சுண்ணாம்பு.

அது நிறமில்லை.
பால் பிடித்த நாட்களில்
மாவுத் துகள்கள் நெருங்கி உட்கார நேரமின்றி
அள்ளிப்போட்டதுபோல் விட்டுப்போன இடைவெளி.
உள்ளே வெறும் காற்று.
வெளிச்சம் நுழைந்து வழிதவறித் திரும்புவதை
வெள்ளை என்கிறோம்.
ஆலை உருளை தொட்டதும்
அந்த இடத்தில்தான் முறியும்.

பகலை மட்டும் குறை சொல்ல முடியாது.
இலை பகலெல்லாம் சேர்த்த சர்க்கரையை
ராத்திரியின் மூச்சு எரித்துத் தின்றது.
ஜூலைக் கடைசியில் பதினோரு இரவு
எங்கள் அளவையில் எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை.
எனக்கெப்படித் தெரியும்?
பதினோரு இரவும் விழித்திருந்தேன்,
கழுத்தில் ஈரத் துண்டோடு,
ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்றுகொண்டு.
கதிருக்கு ஃபிரிட்ஜ் இல்லை.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன், வெர்லீன்."
ஓட்டினேன். நாற்பத்தேழரை.
முதல் தாளே இருக்கட்டும் என்றார்.

"ராத்திரி ராத்திரியாய் பம்ப் ஓட்டினேன்,
வயல் குளிரட்டுமென்று. டீசல் பில் காட்டவா?"
காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.
என் தாளில் அதற்குக் கட்டமில்லை.
எடைக்கு உண்டு, ஈரத்துக்கு உண்டு, உடைசலுக்கு உண்டு.

நொய் எங்கே போகுமென்று அவருக்குத் தெரியும்.
கொஞ்சம் பீர் ஆலைக்கு,
கொஞ்சம் நாய்த்தீவனத்துக்கு.
ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார்.
"இந்த வருஷம் அவனுக்குத்தான் நல்ல விளைச்சல்."
நான் சிரித்துவிட்டேன்.
கொஞ்சம் பொறுத்து அவரும்.

சாயங்காலம் மீந்த மாதிரியை
வீட்டுக்குக் கொண்டுபோய் வடித்தேன்.
ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.
உப்பும் வெண்ணெயும் போட்டால் தெரியாது என்பார்கள்.
தெரிந்தது.
தட்டைக் காலி செய்தேன்.

சாலைக்கு அந்தப் பக்கம்
மழையால் பிந்தி விதைத்த வயல்
இப்போதுதான் பால் பிடிக்கிறது.
மணி பத்து.
கதவைத் திறந்து
இருட்டுக்குள் கையை நீட்டிப் பார்த்தேன்.