ஏழாம் அறைச் சாவி

பாசி செத்தது திங்கட்கிழமை.
பிணம்தான் இன்னும் அடங்கவில்லை:
வடித்த கஞ்சி போலக் குளம் முழுக்க.

புரோக்கன் ஹில். மோட்டல் முற்றத்தில் நாற்பத்திரண்டு டிகிரி.
மூன்று நாள் நொரீன் டக்கெட்
மோட்டாரை அணைக்கவில்லை.
அழுத்தமானியின் முள் ஏற ஏற
வடிகட்டியைக் கழுவிக் கழுவி விட்டாள்;
சாம்பல் தண்ணீர் செம்மண்ணில் ஓடி
வேலி தாண்டுமுன் காய்ந்தது.

செவ்வாய், மூன்றாம் படி தெரிந்தது.
புதன், புழுதிக்காற்று. முதல் படியும் போயிற்று.
"இன்னும் கொஞ்சம் குளோரின்?" என்றான் கிளைவ்.
"கொன்றாயிற்று. எத்தனை முறை கொல்ல?"

தேற்றாங்கொட்டை காய்க்காத சீமை.
வியாழன் இரவு
புட்டித் திரவத்தை வாளியில் கரைத்து
ஓரம் சுற்றி ஊற்றி
மோட்டாரை நிறுத்தினாள்.
அந்த நிசப்தத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் தரையோடு படிந்த வண்டலை
உறிஞ்சிக்கொண்டு போன குழாயின் தடத்தில்,
வடிகால் மூடியருகே,
ஒரு பித்தளைச் சாவி. எண் ஏழு.

போன மாதம், பச்சை படர்ந்திருந்தபோது,
லாரிக்காரன் ஒருவன்
"கை நழுவிவிட்டது, குளத்தில்தான்" என்றான்.
எல்லோரும் சொல்வதுதானே என்று
இருபது டாலர் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் இப்போது அவ்வளவு தெளிவு,
கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கிளைவ்,
பழைய ரசீதுப் புத்தகம் எங்கே?"