நான்கு விரல் உயரம்

வாதி கபீர் சந்துக்குள்
வண்டி திரும்பும் முன்பே சத்தம் திரும்பிவிட்டது.
வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி
மொஃபஸ்ஸல் கேட்டான்:
"யார் ஆட்டை மிதிக்கிறது?"

சிவப்பு நிறம். தரைக்கும் அதற்கும் ஒரு சாண்.
எந்தக் கம்பெனியும் பெயர் வைக்காத வண்டி.
பெட்டி பெட்டியாய்க் கப்பலில் வந்ததை
வீட்டு நிழற்கொட்டகையில்
மூன்று வருஷம் உட்கார்ந்து பூட்டியவள் நஸ்ரா.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்பு இஞ்சினியர்.
அபாயாவின் கைமடிப்பில் கிரீஸ்.

"ஆலையில் என் பம்புகள் நாற்பத்தாறு.
ஒன்றும் வாய் திறக்காது.
இது மட்டும் சிக்னலில் என் மானத்தை வாங்குகிறது, உஸ்தாத்."

வலப்பக்கம் ஒடித்தால் ஊளை.
இடப்பக்கம் ஒடித்தால் விசும்பல்.
பவர் ஸ்டியரிங் பம்பு செத்தது என்று
பானெட்டைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னேன்.
இருபத்திரண்டு வருஷ அனுபவம்,
அப்படித்தான் பேசும்.

என்ஜின் ஒரு வண்டியுடையது,
ஸ்டியரிங் ராக் இன்னொன்றுடையது,
பம்பு எதனுடையது என்று அவளுக்கே மறந்துபோச்சு.
மேனுவல் என்று இருப்பது ஒரு நோட்டு,
அவள் கையெழுத்து, அரபி,
பாதிப் பக்கம் கஹ்வாக் கறை.

ஜூலை மாதம். ஸ்பேனரை
வாளித் தண்ணீரில் முக்கித்தான் கையில் எடுப்போம்.
ஒரு போல்ட் மில்லிமீட்டர்,
அடுத்தது இஞ்ச்,
மூன்றாவது எனக்கு ஜென்ம விரோதி.
பெல்ட்டைத் தளர்த்தி, புல்லரால் புல்லியை உருவி,
குழாய் வாயைப் பழந்துணியால் அடைத்துப்
பம்பை வெளியே எடுக்கையில்
முழங்கைவரை சிவப்பு எண்ணெய்.

குல் ஜமான் தன் பழைய சாமான் மலைமேல் ஏறி
ஒத்த ஜாதிப் பம்பு ஒன்று கொண்டுவந்தான்.
"டாக்டர் ஓட்டிய வண்டி. சத்தமே போட்டதில்லை."
பதினைந்து ரியால் என்றான்,
பதினொன்றுக்குக் கொடுத்தான்,
கொடுத்தபின் சிரித்தான்.

பூட்டினேன். ஊற்றினேன். கிளப்பினேன்.
அதே ஆடு.
ஒரு சுருதி மேலே.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நஸ்ரா திட்டுவாள் என்று நின்றேன்.
அவள் அபாயாவைச் சுருட்டிக்கொண்டு
முன்சக்கரத்தருகே குந்தினாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"எண்ணெய் டப்பாவிலிருந்து பம்புக்கு
எண்ணெய் இறங்குகிறதா, ஏறுகிறதா?"

ஏறிக்கொண்டிருந்தது.
டப்பா கீழே, பம்பு மேலே.
மூச்சுத் திணறித் திணறி
எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சிக்கொண்டு.

"அங்கே வைத்தால் அழகாக இருந்தது" என்றாள்
நோட்டைப் பார்த்துக்கொண்டு.
"ஆலையில் இப்படி ஒருத்தன் வைத்திருந்தால்
வேலையைவிட்டே அனுப்பியிருப்பேன்."

பழைய பம்பைப் பிரித்துப் பார்த்தேன்.
தகடுகள் புதுசாய் மின்னின. ஒரு கீறல் இல்லை.
அதை மேசைமேல் வைத்தபோது
கொஞ்சம் மெதுவாகவே வைத்தேன்.

ஆங்கிள் துண்டு ஒன்றை வெட்டி, துளைபோட்டு
டப்பாவை நான்கு விரல் உயர்த்தினேன்.
முன்சக்கரங்கள் ஜாக்கில் அந்தரமாய்.
என்ஜின் அணைத்தபடி
இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும்
அவள் ஸ்டியரிங்கைத் திருப்ப,
மொஃபஸ்ஸல் வங்காளியில் எண்ண,
டப்பாவில் நொங்கும் நுரையுமாய்ப் பொங்கியது.
இருபதில் குறைந்தது.
முப்பத்தொன்றில் மூடியின் நிழல்
எண்ணெயில் அசையாமல் நின்றது.

சாவியைத் திருப்பினாள்.
ஒன்றுமில்லை.
என்ஜின் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

எங்கள் அறை ஏசி இந்த வண்டியைவிட மோசம்.
இரவெல்லாம் அரைக்கும்.
அது நின்றுபோகிற இரவில்தான்
எட்டுப் பேரும் எழுந்து உட்காருவோம்.
அது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

ரவுண்டானாவரை போய்
ஒரே கையால் வளைத்துத் திரும்பி வந்தாள்.
கண்ணாடியை இறக்கினாள்.
நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள்,
தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"உஸ்தாத், இடது கதவில்
ஏதோ தட்டுகிறதே. இது எப்போதிலிருந்து?"

வாளிக்குள் போட்ட ஸ்பேனரை
மொஃபஸ்ஸல் துழாவ ஆரம்பித்தான்.