ப்ளஸ் இரண்டேகால்

டெட்ராய்ட், பிப்ரவரி. உப்புத் தூவிய பனி
கருப்புச் சேறாகி
என் கடை வாசல்வரை வந்து நிற்கிறது.
மணி அடிக்கும் முன்பே தெரியும் யாரென்று.
கிளியோட்டிஸ் வார்னடோ காரை அணைத்தாலும்
காருக்குள் பாஸ் அடங்க
இன்னும் எட்டு எண்ணிக்கை ஆகும்.

முழங்காலைத் தொடும் கோட்டு.
முட்டை வாங்கி வருபவர் மாதிரி
இரு கையிலும் ஏந்திய சிறு பெட்டி.
உள்ளே வெள்ளை எருமைக்கொம்பில் காதுக்கம்பிகள்,
பொன்னில் ஒரு மூக்குப்பாலம்,
விளிம்பில்லாமல் தேன்நிறச் சில்லு இரண்டு.

இந்த ஊரில் இதற்கு யாரும் விலை கேட்பதில்லை,
எங்கே கிடைத்தது என்றும்.
பாட்டு ஹிட்டானால் ஒன்று,
ஜெயிலிலிருந்து வந்தால் ஒன்று.
பஸ் ஸ்டாப்பில் போட்டுக்கொண்டு நிற்காதே என்று
அம்மாக்கள் சொல்லி அனுப்பும் சாமான்.

"பதினோரு வருஷமா வெறும் சில்லு, வாண்டா.
நான் பார்க்க இல்லை,
என்னைப் பார்க்க."

போன சனிக்கிழமை இரவு இரண்டு மணி.
தளம் கொதித்துக்கொண்டிருந்தபோது
லேபிள் தெரியாமல்
ஏ பக்கம் என்று பி பக்கத்தை வைத்துவிட்டாராம்.
நூற்று இருபத்தெட்டில் ஓடிய இடத்தில்
சொட்டுச் சொட்டாய் ஒரு காதல் பாட்டு.
முந்நூறு பேர் அப்படியே நின்றார்கள்.
இரண்டு பேர் மட்டும் அணைத்துக்கொண்டு ஆடினார்கள்.
"அவங்க நல்லா இருக்கட்டும்" என்றார்.
சிரிக்கவில்லை.

எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன்.
நான்காம் வரியில் தடுக்கினார்,
ஐந்தாம் வரியைத் தாளத்தோடு ஊகித்தார்.
இரண்டு கண்ணும் ப்ளஸ் இரண்டேகால்.

அன்றிரவு பழைய சில்லைக் கழற்றும்போது
லூப்பில் பட்டது.
இடது கம்பியின் உட்புறம், காதுக்குச் சற்று முன்னால்,
கடுகை விடச் சின்ன எழுத்தில்:
ஓ. ஸ்பைவி, 1988.
வியர்வை பாதி தின்றிருந்தது.

ஸ்பைவி விற்றிருக்கலாம்.
அடகு வைத்து மீட்காமல் விட்டிருக்கலாம்.
தேவாலயச் சந்தையில் அவர் மனைவி
பீங்கான் தட்டுகளோடு பரப்பி வைத்திருக்கலாம்.
அல்லது ஒரு பெட்ரோல் பங்கில், நடுராத்திரி,
கழற்று என்று ஒருவன் கையை நீட்டி
கடை நடத்துகிறவள் முடிக்கக் கூடாத வாக்கியம் இது.

புதிய சில்லில் துளை போட்டேன்,
திருகாணி முடுக்கினேன்.
கொம்பு வறண்டிருந்தது, எண்ணெய் தடவினேன்.
எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.
அதற்காகத் தடவவில்லை.
அதற்காகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை வந்தார்.
கண்ணாடியைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தார்,
அவசரமாகத் தாடியில் எதையோ பிடுங்கினார்.
"உன் புருவத்துல தழும்பு இருக்கே?"
"முப்பது வருஷமா இருக்கு."
பையிலிருந்து ஒரு இசைத்தட்டை உருவி
லேபிளைச் சுற்றி ஓடும் பொடி எழுத்தை
தட்டைத் திருப்பித் திருப்பி உரக்கப் படித்தார்:
வரிசை எண், அச்சான ஊர்,
அனுமதியின்றி நகலெடுத்தல் குற்றம்.

பிறகு, சொந்தக்காரனின் ஆசையோடு,
கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.
இடது கம்பியில் விரல் நின்றது.
கையை நீட்டினார், மடக்கினார், கண்ணை இடுக்கினார்.
"உள்ளே ஏதோ கீறல்."
அதைப் படிக்க இதைப் போட வேண்டும்.
இதைப் போட்டால் அது
நெற்றிப்பொட்டில் நாடி துடிக்கும் இடத்தில்
போய் ஒட்டிக்கொள்ளும்.

"மெருகு போட்டா போகுமா?"
"போகாது" என்றேன்.

பணத்தை எண்ணி வைத்தார், ஒவ்வொரு நோட்டையும் படித்தபடி.
கதவு திறந்து மூடிய காற்றில்,
அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இவ்வளவு நேரமும் நின்ற
பதினைந்து டாலர் பிளாஸ்டிக் ரீடர்களின் ஸ்டாண்டு
கிறீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றி
நின்றது.