இரண்டாம் கிளாரினெட்

கோத்தகிரிக் குளிரில்
எந்தக் குழலும் ஓர் இழை தாழ்ந்துதான் பேசும்.
கக்கத்தில் மவுத்பீஸை வைத்துச் சூடேற்றி
மைதானத்தில் உட்கார்ந்தோம்.

டியூபா போஜன்
பகலெல்லாம் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர்,
மூச்சுக்குப் பஞ்சமில்லை.
மெட்டு டிரம்பெட்டுகளுக்கு.
எனக்கு
அறுபத்து நான்கு தாளக்கட்டுக்கும் ஒரே சுரம்.
என் மனைவிகூடக் கேட்டாள்,
நீங்க எப்ப வாசிப்பீங்க என்று.

மூன்றாவது உருப்படியின் பாதியில்
பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து
முதலில் டிரம்மை விழுங்கியது.
பிறகு தாள்களை.
பிறகு பிரான்சிஸ்கா டீச்சரின் கோலை.

டிரம்பெட் ஒன்று தடுக்கி
நின்று
என் சுரத்தைத் தடவிப் பிடித்தது.
அதன் பின்னால் மற்றொன்று.
சாக்ஸபோன்கள்.
வெள்ளைக்குள்
கொண்டை ஊசி வளைவின்
கைப்பிடிச் சுவர் நான்.

மேகம் விலகியதும்
மெட்டு மறுபடி அவர்களுடையது.
கைதட்டலும்.
குழலைக் கவிழ்த்து
எச்சிலை உதறினேன்.