தெற்கே போகப் போக

வாழைப்பழம் நன்றாக அழுகியிருக்க வேண்டும்.
ஈஸ்ட் ஒரு கரண்டி, மேலே வலை.
லா செரேனாவில் கிளம்பும்போது வண்டியில் நாற்பது வாளிகள்.
புவேர்த்தோ மோன்ட் போய்ச் சேரும்வரை
எங்கள் துணியில், தலைமுடியில் அதே வாடை.
பெட்ரோல் போடும் பையன்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு காசு வாங்கினார்கள்.

சிலி ஒரு நாடா என்ன, அளவுகோல் என்பான்
வண்டியோட்டி நிக்கானோர்.
கிழக்கே மலை, மேற்கே கடல்,
நடுவில் ஒதுங்க இடமில்லாத ஒற்றைச் சாலை.
இங்கே வடக்குதான் வெயில், தெற்குதான் பனி.
ஒரு பாகைக்கு ஓர் இரவு தங்கினோம்.
மூன்று பாகைக்கு ஒரு கம்பளி கூடியது.

நான் பிறக்குமுன்னே
ஏதோ கப்பலில், ஏதோ பழக்கூடையில்
வந்திறங்கியவை இந்த ஈக்கள்.
பத்தோ பதினைந்தோதான் இருக்கும் என்கிறார்கள்
குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர்கள்.
ஐரோப்பாவில் விட்டுவந்தது பெருங்கூட்டம்;
கையோடு வந்தது
பாதி தொலைந்த ஒரு சீட்டுக்கட்டு.
அதையே கலைத்து, அதையே ஆடி
இத்தனை நீளத்தையும் நிறைத்துவிட்டன.

ஒசோர்னோவுக்கு வெளியே
பெலர்மினோ ஓயார்சோவின் ஆப்பிள் தோட்டம்.
சாறு பிழிந்த சக்கை மழையில் ஊறிக் கிடந்தது.
"ஈ திருட இவ்வளவு தூரமா?" என்றார்.
முந்நூறு பிடித்தோம்.
போகும்போது ஒரு பாட்டில் ஆப்பிள் கள் கொடுத்து,
"இதில் விழுந்தவை கணக்கில் வராது" என்றார்.

பிறகு ஆய்வகம்.
ஒரே அறை, ஒரே கூழ், பதினெட்டு டிகிரி.
வடக்கத்தி ஈயும் தெற்கத்தி ஈயும்
தத்தம் ஊர்க் காற்றை மறக்கட்டும் என்று
ஆறு தலைமுறை காத்திருந்தோம்.
அதற்குள் நிக்கானோர்
ஒரு தாடி வளர்த்து மழித்திருந்தான்.

மறக்கவில்லை.
சிறகைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டி
நரம்பு நரம்பாக அளந்தேன்.
தெற்கத்திச் சிறகு மயிரிழை நீளம்.
என் கண் கோளாறு என்று
மறுநாள் திரும்ப அளந்தேன்.
அதே மயிரிழை.

'குளிர் சிறகை நீட்டியது' என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
குளிர் யாரையும் பிடித்து இழுக்கவில்லை.
ஓர் ஆகஸ்ட் காலை, சக்கைமேட்டில்,
சில ஈக்கள் எழும்பின, சில எழும்பவில்லை.
எழும்பியவை முட்டையிட்டன.
அடுத்த ஆகஸ்ட்.
அதற்கடுத்த ஆகஸ்ட்.
இதை எப்படி ஒரு வாக்கியத்தில் எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று, படித்ததுதான், பார்த்ததில்லை.
ஐரோப்பாவிலும் குளிரூரில் சிறகு நீளம்.
அங்கே நீண்டது தோளை ஒட்டிய பாகம்.
வட அமெரிக்காவில் குடியேறியவற்றுக்கும் அதே நீளம்;
நீண்டது நுனியை ஒட்டி.
விடை சரி, போட்ட வழி வேறு.
எங்கள் கணக்கு வாத்தியார் என்றால்
ஒன்றுக்குப் பூஜ்யம் போட்டிருப்பார்.

எட்டு வருடம் கழித்து அதே சாலை, அதே வாளிகள்.
ஓயார்சோவுக்குக் காட்ட
வரைபடத்தை மடித்து எடுத்துப் போனேன்.
சாய்ந்து இறங்கும் ஒரு கோடு,
அதன்மேல் ஊருக்கு ஒரு புள்ளி.
"என் தோட்டம் எங்கே?"
காட்டினேன்.
"இவ்வளவுதானா?"
விரலால் மூடிப் பார்த்தார், மறைந்தது.

அதன் பக்கத்திலேயே புதிய புள்ளி, இந்த வருடத்தது.
குரோமோசோமில் ஒரு துண்டு
தலைகீழாகத் திரும்பியிருக்கும், வெயிலூர் வகை;
அது அவர் மரங்களில் முன்னைவிட அதிகம்.
ஈக்கள் வடக்கிலிருந்து வந்து ஏறினவா,
இருந்தவற்றிலேயே அது பெருகியதா,
இன்னும் சொல்ல முடியாது என்றேன்.

அவர் மரங்களைப் பார்த்தார்.
பிளம் இந்த முறை மூன்று வாரம் முந்திப் பூத்ததாம்.
கம்பளியைக் கழற்றி வேலியில் போட்டார்.
"நாற்பது வருடமாக
நான் இங்கேயேதான் இருக்கிறேன்" என்றார்.
"தோட்டம் எப்போது வடக்கே போனது?"

நிக்கானோர் ஹார்ன் அடித்தான்.
வாளிகளை மூட வேண்டும்.